எண் சொல்லாத செய்தி



பிம்பிரியிலும் சாக்கனிலும் வண்டிகள் பிறக்கின்றன. பழுதானால் அவை நாடுவது தெருவோரப் பட்டறையை. அங்கே உழைக்கும் நம்மவர் ஒருவர், "எந்த ஸ்கேனர் வாங்கலாம், தம்பி?" என்று கேட்டால் அறிவியல் பயிலும் நாம் என்ன சொல்வோம்? மலிவானதை வாங்கு என்றா?

ஸ்கேனர் 'பி 0171' என்று காட்டும். எஞ்சினில் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு என்பதே அதன் பொருள். கெட்ட உறுப்பு எதுவென்று அந்த எண் சொல்லாது. எண்ணை மட்டும் நம்பி ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் வண்டிக்காரர் பணமும் போகும், பட்டறையின் பெயரும் போகும். ஓடும் எஞ்சினின் அளவுகளையும் காட்டும் கருவியோ வழி சொல்லும். எரிபொருள் திருத்த அளவு மெல்ல ஓடும்போது மிகுந்து, வேகம் கூட்டினால் தணிகிறதா? காற்றுக் கசிவைத் தேடலாம். வேகத்தில் மிகுகிறதா? பெட்ரோல் வரத்தைச் சோதிக்கலாம். ஆகவே எண்ணோடு அளவும், அளவோடு விளக்கமும் தரும் மென்பொருளே மேல். ஆண்டுச் சந்தா எவ்வளவு, பட்டறைக்கு வரும் வண்டிகள் அதில் அடங்குமா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

விவரங்களைக் கம்பெனிகள் பூட்டி வைக்கலாமா? கூடாதென்றது இந்தியப் போட்டி ஆணையம். 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து, உதிரிப் பாகங்களும் சோதனைக் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டுமென்றது.

கதவு திறந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். அதைத் தமிழாக்கித் தருவது யார் கடமை? வாரம் ஓர் எண்ணுக்கு நம் சங்கம் விளக்கம் எழுதட்டும். பட்டறைச் சுவரில் அது தொங்கட்டும்!