சூத்திரத்தை விடுங்கள், சர்க்கரை அளவைப் படியுங்கள்

நான்காம் படிவத்தில் இரசாயனம் எடுத்த மாணவர்களைக் கேட்டால், பலரும் பயப்படுவது கரைசலின் செறிவுக் கணக்குக்குத்தான். பிரிக்பீல்ட்ஸானாலும் கிள்ளானானாலும் டியூஷன் வகுப்பில் முதலில் கிடைப்பது சூத்திரம். அதை மனனம் செய்தவர்கள், கேள்வி சற்றே மாறி வந்தால் தடுமாறுகிறார்கள். செறிவுக் கணக்கைச் சூத்திரத்திலிருந்து தொடங்கக்கூடாது என்பதே என் கருத்து. அதற்கான பாடம் நம் வீட்டிலேயே இருக்கிறது.

மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாக 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது அதிகம். அதனால் நம்மில் பலர் வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி உண்டு. வெறும் வயிற்றில் 7.0 என்பது நீரிழிவுக்கு மருத்துவர்கள் கொள்ளும் வரம்பு. சென்னையில் இருக்கும் உறவினரோ அதே வரம்பை 126 என்பார். எண்ணைக் கேட்டுப் பதறுவதற்கு முன், அலகைப் பாருங்கள்.

நம் நாட்டுக் கருவி காட்டுவது ஒரு லிட்டரில் எத்தனை மில்லிமோல் என்பதை. இந்தியாவில் சொல்வது 100 மில்லிலிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதை. குளுக்கோஸின் மோலார் நிறை 180 கிராம். 7 மில்லிமோல் என்றால் 0.007 மோல். அதை 180ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 1.26 கிராம். அதாவது 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராம். இரண்டும் ஒரே அளவுதான். எஸ்.பி.எம். தேர்வில் மோலாரிட்டியைக் கிராமுக்கு மாற்றச் சொல்லும் கேள்வியும் இதேதான்.

நீர்த்தல் கணக்கும் அப்படியே. ஒரு குவளை சிரப்பில் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றினால் இனிப்பு பாதியாகும். ஆனால் சீனி ஒரு துகளும் குறையாது. தண்ணீர் ஊற்றிவிட்டு முழுவதையும் குடிக்கும் தாத்தாவின் உடலில் சேர்வது அதே சீனிதான். ஊற்றுவதற்கு முன்னும் பின்னும் மோல் எண்ணிக்கை மாறாது என்ற இந்த ஒரு வரியைத்தான் சூத்திரம் எழுத்துகளில் சொல்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரு மோல் உப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் போடுவது வேறு; உப்பை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு கரைசல் மொத்தம் ஒரு லிட்டர் வரும்வரை தண்ணீர் சேர்ப்பது வேறு. மோலாரிட்டி என்பது இரண்டாவது. ஆய்வுக்கூடத்தில் கழுத்தில் கோடு போட்ட குடுவையைப் பயன்படுத்துவது இதற்காகவே.

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தவர்கள், இடைநிலைப்பள்ளியில் அதை மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்க வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம். தேநீர்க் கடையில் ‘பெக்காட்’ என்று கேட்கிறோமே, பாடநூலின் ‘கெபெக்காத்தான்’ அதிலிருந்து பிறந்த சொல்தான். கரைவது கரைபொருள், கரைப்பது கரைப்பான், கிடைப்பது கரைசல். கணக்கை முதலில் இப்படித் தமிழில் சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகு தேர்வு மொழியில் எழுதுங்கள்.

ஆசிரியர்களும் இப்பாடத்தை ஒரு சர்க்கரை அளவிலிருந்து தொடங்கலாம். மதிப்பெண்ணுக்கு அஞ்சி அறிவியல் பிரிவை விட்டு விலகும் மாணவர்களில் சிலராவது அங்கேயே நிற்பார்கள். வீட்டில் பெரியவர்களின் மருத்துவ அறிக்கையைப் படித்து விளக்கவும் ஓர் ஆள் கிடைக்கும்.