வகுப்பறைக்கு வந்துசேராத பயிற்சி

ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்த ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வேண்டும். மேல்நிலை வகுப்புக்கு பி.எட். வேண்டும். கல்லூரியில் பாடம் நடத்தவோ முதுகலைப் பட்டத்துடன் நெட், செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் போதும். நெட் தேர்வின் முதல் தாளில் உள்ள 50 வினாக்களில் கற்பித்தல் திறன் குறித்தவை ஐந்துதான். எப்படிக் கற்பிப்பது என்று ஒரு நாள்கூடப் பயிலாத ஒருவர், முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் மாணவர்கள் முன் மறுநாளே நிற்கலாம். சட்டப்படி அதில் குறையேதும் இல்லை.

பயிற்சி வேலைக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, கல்லூரி ஆசிரியர்களுக்கெனப் பல்கலைக்கழகங்களில் பயிற்சி மையங்கள் அமைக்கப்பட்டன. 2015இல் அவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023இல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என மீண்டும் பெயர் மாறின. பெயர்ப்பலகை மாறிய வேகத்தில் பயிற்சியின் நோக்கம் மாறியதாக நமக்குத் தெரியவில்லை. அது இன்றும் பதவி உயர்வோடு பிணைக்கப்பட்ட ஒரு சான்றிதழாகவே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, உதவிப் பேராசிரியர் தம் முதல் உயர்வைப் பெற 21 நாள் அறிமுகப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அந்த உயர்வுக்கான காலம், கல்வித் தகுதியைப் பொறுத்து, நான்கிலிருந்து ஆறு ஆண்டுகள். இளங்கலைப் படிப்போ மூன்றாண்டு. அதாவது ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் முன்பே ஓர் அணி மாணவர்கள் முழுதாகப் படித்து வெளியேறிவிட முடியும்.

இதை ஏன் தலித் உரிமைப் பிரச்சினையாக நாம் பார்க்கிறோம்? டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்பட்ட விதத்தை ஆராய்ந்த சுக்தேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை அளித்தது. ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைக்கவில்லை என்று அம்மாணவர்களில் 69 விழுக்காட்டினர் அக்குழுவிடம் கூறினர். மதிப்பீட்டின்போது தேர்வாளர்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ தங்கள் சாதியைக் கேட்டதாகச் சொன்னவர்கள் 84 விழுக்காட்டினர். நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரியில் நிலைமை அது.

மானியக் குழு 2012இல் சமத்துவ மேம்பாட்டு விதிமுறைகளை வெளியிட்டது. அவற்றை முழுமையாகப் படித்த பேராசிரியர்கள் மிகச் சிலரே என்பது நம் கணிப்பு. எவையெல்லாம் பாகுபாடு என்று அவ்விதிமுறைகள் பட்டியலிடுகின்றன: வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பது, 'இட ஒதுக்கீட்டு மாணவர்' என்று முத்திரை குத்துவது, குறைந்த மதிப்பெண்ணுக்குச் சாதிப் பின்னணியே காரணம் என்று இழிவாகப் பேசுவது, ஆய்வகத்துக்குள் அனுமதித்துவிட்டு வேலை கொடுக்காமல் சும்மா நிற்க வைப்பது. இவை காவல் நிலையத்திலோ விடுதியிலோ நடப்பவை அல்ல. பாடவேளையில், வருகைப் பதிவேட்டோடு, பாடம் நடத்துவதன் ஒரு பகுதியாக நடப்பவை. பல பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கு 25 மதிப்பெண் அக மதிப்பீட்டின் வழியே ஆசிரியரின் கையில் இருக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஆங்கில வழி இயற்பியலுக்குள் வரும் மாணவிக்கு முதல் பருவத்தில் புரியாமல் போவது பெரும்பாலும் இயற்பியல் அல்ல, மொழி. வினாவை இரு மொழியிலும் சொல்வது, கலைச்சொல்லை அறிமுகப்படுத்திய பிறகே தேர்வில் கேட்பது, தவறான விடையின் காரணத்தைக் கண்டறிவது போன்றவை கற்றுக்கொள்ளக்கூடிய தொழில்திறன்கள். அவற்றைக் கற்காத ஆசிரியர், தம் கற்பித்தலின் தோல்வியை மாணவியின் 'தரக் குறைவு' என்று எழுதிவிடுகிறார். சாதிய மனம் அந்தச் சொல்லுக்காகவே காத்திருக்கிறது.

இன்றைய மாளவியா மையங்களின் இணையவழிப் பயிற்சியில் எட்டுக் கருப்பொருள்கள் உள்ளன. இந்திய அறிவு மரபு அவற்றுள் ஒன்று. மாணவர் பன்மைத்துவமும் உள்ளடக்கிய கல்வியும் இன்னொன்று. எட்டில் ஒன்றாகவேனும் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள நாம் தயாராக இல்லை. 'பன்மைத்துவம்' என்ற மென்மையான சொல்லுக்குள் சாதி எளிதில் மறைந்துகொள்ளும். 2012 விதிமுறைகளின் அந்தப் பட்டியலையே பாடமாக வைத்து, அக மதிப்பீட்டுத் தாள்களையும் ஆய்வகக் குழுப் பிரிப்பையும் எடுத்து விவாதித்தால்தான் அது பயிற்சி.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு அடுக்கு உண்டு. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில்தான் தலித் மாணவர்கள் பெருமளவில் பயில்கிறார்கள். அங்கே ஏழாயிரத்திற்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் பாடம் நடத்துகிறார்கள். அவர்களுக்குப் பதவி உயர்வு கிடையாது. பதவி உயர்வோடு கட்டப்பட்ட பயிற்சியும் ஆகவே அவர்களை எட்டுவதில்லை. ஆண்டில் பதினொரு மாத ஊதியம் பெறுபவரிடம், சொந்தச் செலவில் பயிற்சிக்குப் போய் வாருங்கள் என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. அவர்களுள் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள் என்பதை இந்தக் கல்லூரிகளோடு தொடர்புள்ள எவரும் அறிவர். பயிற்சி வேண்டும் என்ற நம் கோரிக்கை அவர்கள் தலையில் இன்னொரு சுமையாக இறங்கிவிடக் கூடாது. பணி நிரந்தரமும் ஊதியத்துடன் கூடிய பயிற்சி விடுப்பும் ஒன்றாகவே கேட்கப்பட வேண்டும்.

நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் சாதியப் பாகுபாடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் முதலியவை குறித்து ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பயிற்சி வேண்டும் என்றது. அப்பரிந்துரையைக் கல்லூரிகளுக்கும் விரித்து அரசாணையாக்க மாநில அரசுக்கு ஒன்றிய அரசின் அனுமதி தேவையில்லை.

மாணவ அமைப்புகள் இப்போதே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. நாக் மதிப்பீட்டுக்காக, ஆண்டுதோறும் எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர் என்று கல்லூரிகள் கணக்குக் கொடுக்கின்றன. அந்த அறிக்கையைப் பல கல்லூரிகள் தம் இணையதளத்திலேயே வைத்துள்ளன. அதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பயிற்சிகளின் தலைப்புகள் என்ன, ஒன்றிலாவது சாதி என்ற சொல் இருக்கிறதா, கௌரவ விரிவுரையாளர் ஒருவராவது அனுப்பப்பட்டாரா, 2012 விதிமுறைகளின்படி சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரும் இருக்கிறார்களா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் கல்லூரியிடம் எழுதிக் கேளுங்கள்.