‘அவ மனசை விட்டுட்டா’

புற்றுநோய்ச் சாவு நடந்த வீட்டில் பிணம் எடுப்பதற்குள் ஒரு தீர்ப்பு வந்துவிடும்: “அவ மனசை விட்டுட்டா, அதான் போயிட்டா.” அதே நோயிலிருந்து தப்பி வந்தவளுக்கு அந்தத் தீர்ப்பின் மறுபாதி கிடைக்கும்: “உன் தைரியந்தாம்மா உன்னைக் காப்பாத்துச்சு.” இரண்டையும் சொல்கிறவர்கள் நல்லவர்கள்தான். சொல்வதுதான் பொய்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோ, ஊரில் ‘கரண்டு வைக்கிறது’ என்று சொல்கிற கதிர்வீச்சு எல்லாம் முடித்து வந்தவள் நான். அந்தப் பாராட்டைப் பல வீடுகளில் காபியோடு சேர்த்து வாங்கியிருக்கிறேன். வாங்கும்போதெல்லாம் நினைப்பு வார்டில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவளிடம் போகும். ஊசியைக் கண்டாலே அழுகிறவள் நான். அவளோ மொட்டைத் தலையில் துண்டை முண்டாசு கட்டிக்கொண்டு நர்சுகளையே சிரிக்கவைத்தவள். நான் இருக்கிறேன், அவள் இல்லை. என் தைரியம்தான் என்னைக் காப்பாற்றியது என்று தலையாட்டினால், அவளிடம் அது குறைவாக இருந்தது என்று நானே சாட்சி சொன்னதாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கணக்கிட்டபடி 2022இல் இந்தியாவில் ஏறத்தாழ 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த ஓராண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 98 ஆயிரம் பேர். 98 ஆயிரம் பேரும் மனசை விட்டவர்களா?

கட்டி எவ்வளவு பெரிதாக இருக்கும்போது பிடிபட்டது, அக்குள் நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, ஹார்மோன் ஏற்பிகள் உண்டா, ஹெர்-2 புரதம் மிகுந்திருக்கிறதா, சிகிச்சை எப்போது தொடங்கியது, முழுதாக முடிந்ததா என்பவைதாம் பெரும்பாலும் விஷயத்தைத் தீர்மானிக்கின்றன. பயாப்ஸி ரிப்போர்ட்டை நான் வரி வரியாகப் படித்திருக்கிறேன். அதில் தைரியத்துக்கென்று ஒரு கட்டம் கிடையாது. ஹார்மோன் ஏற்பி உள்ள பெண்கள் 5 ஆண்டுகள் டாமாக்சிஃபென் சாப்பிட்டால், அடுத்த ஆண்டுகளில் இந்த நோயால் சாகிற வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. சிரித்துக்கொண்டே விழுங்க வேண்டும் என்று எந்த டாக்டரும் எழுதித் தருவதில்லை. அழுதுகொண்டே விழுங்கினாலும் அது வேலை செய்யும்.

“ஆராய்ச்சியே சொல்லுதே” என்பார்கள் படித்தவர்கள். சொன்னது உண்மைதான், ஒரு காலத்தில். 1979இல் லண்டனில் ஸ்டீவன் கிரீர் என்ற மனநல மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 69 பெண்களை ஆராய்ந்து, போராடும் மனம் கொண்டவர்கள் நோய் திரும்பாமல் வாழ்வது அதிகம் என்று எழுதினார்கள். அது உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆய்வில், தனக்கு வந்திருப்பது பெரிய நோயே இல்லை என்று சாதித்தவர்களுக்கும் அதே நல்ல பலன் கிடைத்ததாக இருந்தது. அதை மட்டும் யாரும் பரப்பவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1999இல், அதே கிரீரும் சேர்ந்து 578 பெண்களைக் கொண்டு இன்னொரு ஆய்வு வெளியானது. போராடும் மனத்துக்கும் பிழைப்பதற்கும் தொடர்பே தெரியவில்லை. மிகவும் நம்பிக்கையிழந்து போனவர்களுக்கு ஆபத்து ஓரளவு கூடியிருந்ததையும் அந்த ஆய்வு சொல்லியது, மறைக்க வேண்டியதில்லை. மனச்சோர்வு வந்தவள் மாத்திரையை விடலாம், செக்கப்புக்குப் போகாமல் இருக்கலாம். அவளுக்கு மனநல மருத்துவம் தேவை. “தைரியமா இரு” என்ற அதட்டல் அந்த மருத்துவம் ஆகாது.

இதைவிடச் சுவாரசியமானது டேவிட் ஸ்பீகலின் கதை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர். நோய் உடம்பெங்கும் பரவிய 86 பெண்களைக் கொண்ட ஆய்வை 1989இல் வெளியிட்டார். வாரம் ஒருமுறை குழுவாகக் கூடி மனம்விட்டுப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் வாழ்ந்ததாக அதில் இருந்தது. மனம் உடம்பைக் குணமாக்கும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா? 2001இல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே செய்து பார்த்தார்கள். ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே மறுபடி 125 பெண்களோடு முயன்றார். 2007இல் வந்த முடிவில் மொத்தத்தில் ஆயுள் கூடவில்லை என்று அவரே எழுதினார். தன் புகழ்பெற்ற முடிவுக்கு எதிரானதைத் தானே வெளியிட்ட அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் கனடாவில் குழுவில் பேசியவர்களுக்கு, அதிலும் முன்பே துயரத்தில் தவித்தவர்களுக்கு, மனக் கஷ்டம் குறைந்தது. வலியும் குறைவாகத் தெரிந்தது. ஒருநாள்கூடக் கூடுதலாக வாழாமலே அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். இது போதாதா? ஒரு சந்தோஷம் ஆயுளை நீட்டித்தால்தான் அதற்கு மரியாதை என்று யார் சொன்னது?

சந்தோஷத்தை மருந்தாக்கியதும் அது கடமையாகிவிடுகிறது. கடமையில் தவறியவளைக் கண்டிக்க நாலு பேர் வந்துவிடுகிறார்கள். “அழாதே, அழுதா நோய் கூடும்.” கை வீங்கி ஜாக்கெட் நுழையவில்லை என்று சொல்ல முடியாது. அடுத்த ஸ்கேன் நெருங்கும்போது தூக்கம் வருவதில்லை என்றும் சொல்ல முடியாது. சொன்னால் “நெகட்டிவா பேசாதே” என்று வாயை அடைப்பார்கள். கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் நியூயார்க்கில் ஒரு மார்பை இழந்தார். செயற்கை மார்பு பொருத்தாமல் டாக்டரைப் பார்க்கப் போனபோது, இப்படி வந்தால் இங்கே மற்றவர்களின் மனத்தெம்பு கெடும் என்று அங்கிருந்த நர்ஸ் கடிந்துகொண்டதை அவர் எழுதியிருக்கிறார். அறுவை முடிந்த பெண்ணுக்குக் கொடுத்த வேலையைப் பாருங்கள்: பார்க்கிறவர்களுக்குச் சங்கடம் இல்லாமல் நோயாளியாக இருப்பது!

பக்தி உள்ளவர்கள் இந்த இடத்தில் முகம் சுளிக்கலாம். நானும் பக்தி உள்ளவள்தான், அதனால்தான் கோபம் கூடுதல். நோய் தீர்ந்த கதைகள் நம் மரபில் நிறைய உண்டு. திருநாவுக்கரசரின் சூலை நோய் திருவதிகையில் தீர்ந்தது. வைத்தீஸ்வரன்கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நோயோடு போகிறவர்கள் கோடிப் பேர். போகட்டும், நானும் போனேன். ஆனால் திருவதிகைக் கதையைச் சொல்கிறவர்கள் திருவண்ணாமலைக் கதையை ஏன் சொல்வதில்லை? ரமண மகரிஷிக்கு இடக்கையில் புற்றுக்கட்டி வந்தது. திரும்பத் திரும்ப அறுத்தார்கள், திரும்பத் திரும்ப வளர்ந்தது. 1950 ஏப்ரல் 14இல் மறைந்தார். ராமகிருஷ்ண பரமஹம்சருக்குத் தொண்டையில் புற்று. 1886 ஆகஸ்ட் 16இல் காசிப்பூரில் உயிர் பிரிந்தது. இவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவர்கள் ஆனந்தத்தில் இருந்தார்கள், புற்றும் வளர்ந்தது. இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன. நான் கற்றுக்கொண்ட பக்திப் பாடம் இதுதான். சுகமளிக்கும் கூட்டங்களில் ‘விசுவாசம் குறைவு’ என்று நோயாளியைக் குற்றம் சொல்கிறவர்கள் யோபுவின் புத்தகத்தைக் கடைசி அதிகாரம் வரை படிக்கலாம். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று நோயாளியிடம் வாதாடிய மூன்று நண்பர்கள்மேல்தான் அங்கே கடவுளுக்குக் கோபம் வருகிறது.

முன்வினை என்பவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

மனசுதான் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையால் யாருக்கு லாபம் என்று பார்த்தால், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதவர்களுக்குத்தான். கரண்டு வைப்பது வாரத்துக்கு ஐந்து நாள் என்று சில வாரங்கள் நடக்கும். ஊரிலிருந்து வரும் கூலிக்காரப் பெண் எங்கே தங்குவாள், பஸ் காசுக்கு என்ன செய்வாள், பிள்ளைக்கு யார் சோறு போடுவார்கள்? காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவைத் தாங்கினாலும் இழந்த கூலியைத் தருவதில்லை. அவள் பாதியில் நிறுத்திவிட்டால் ‘மன உறுதி பத்தலை’ என்று முடித்துவிடுகிறோம். பஸ் காசைவிட உபதேசம் மலிவு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். தைரியம் ஊட்டும் சங்கம் ஒன்றை அவர் ஆரம்பித்திருக்கலாம். அவர் 1954இல் அடையாற்றில் தொடங்கியது 12 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரி. அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் மறையும்வரை அதையே பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சந்தோஷம் உண்டா என்றால், உண்டு. வாய்ப்புண் ஆறி, மிளகு ரசத்தின் காரம் நாக்கில் மறுபடி ஏறிய அன்று வந்த சந்தோஷத்துக்கு ஈடு சொல்லத் தெரியவில்லை. கோயிலுக்கும் போகிறேன். அங்கே எதையும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால் கொடுத்தாரா இல்லையா என்று கணக்குப் பார்க்கிற புத்தி வந்துவிடும். நோய் திரும்பி வரலாம். வந்தால் நான் சாமியை விட்டதாலோ, சாமி என்னை விட்டதாலோ வந்ததாக இருக்காது. அந்த எண்ணம் தருகிற நிம்மதியை எந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளரும் எனக்குத் தரவில்லை.

அக்டோபர் வந்தால் ஊரெல்லாம் ரோஸ் ரிப்பன். 1985இல் அமெரிக்காவில் அந்த மாதத்தை விழிப்புணர்வுக்கென ஆரம்பித்தபோது, டாமாக்சிஃபென் தயாரித்த கம்பெனியின் கையும் அதில் இருந்தது. அதனால் அது கெட்டுவிடவில்லை. மார்பில் கட்டி தட்டுப்பட்டால் உடனே போய்க் காட்டச் சொல்கிற எந்தக் கூட்டத்துக்கும் நான் வருவேன். ஆனால் மேடையில் ஏற்றுவது எப்போதும் எங்களைத்தான், முடி வளர்ந்து பட்டுப்புடவை கட்டி வந்த ‘வென்றவர்களை’. நோய் எலும்புக்கும் ஈரலுக்கும் பரவி, குணமாகாது என்று தெரிந்தே சிகிச்சையில் இருப்பவளை யாரும் கூப்பிடுவதில்லை, விழாவுக்கு அபசகுனமாகிவிடுமாம். இந்த அக்டோபரில் என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். அவளுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், மைக்கை முதலில் அவளிடம் கொடுங்கள். என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.