பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து

அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்தே ஏறுபவர்கள் 3,550 படிகளைக் கடக்க வேண்டும். மேலே போகப் போக, செங்குத்தாக நிமிரும் ஓர் இடத்துக்குத் தெலுங்கில் மோகாலி மெட்டு என்று பெயர். முழங்கால் படி என்று பொருள். மலையைக் காலால் மிதிக்க மனமின்றி ராமானுஜர் முழங்காலாலேயே ஏறினார் என்பது ஐதீகம். இன்றைய பக்தரின் முழங்கால் அவ்வளவு உறுதியானதல்ல. இறங்கிய மறுநாள் பிசியோதெரபிஸ்ட்டைத் தேடுகிறவர்கள் உண்டு.

இந்தத் தொழில் இப்பகுதிக்குப் புதிதல்ல. திருப்பதியில் தேவஸ்தானம் நடத்தும் 'பர்ட்' மருத்துவமனை, போலியோவால் கால் சூம்பியவர்களை நடக்க வைத்துப் பெயர் வாங்கியது. 1995-ல் மாநிலச் சட்டத்தால் பல்கலைக்கழகமான 'ஸ்விம்ஸ்' நிறுவனத்தில் பிசியோதெரபி கல்லூரியே இருக்கிறது. சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் வேலூர். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். 1966-ல் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானவரும் அவரே.

இந்த ஊர்களில் பி.பி.டி., எம்.பி.டி. முடித்துப் பத்தாண்டுகளாகத் தொழில் செய்யும் ஒருவரின் கண்ணில் இப்போது இன்னொரு படி தெரிகிறது. டி.பி.டி. என்கிற கிளினிக்கல் டாக்டர் பட்டம். இது பிஎச்.டி. அல்ல. பிஎச்.டி. ஆராய்ச்சிக்கானது, இதுவோ நோயாளியைப் பார்ப்பதற்கானது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம் 1993-ல் இதையே இத்தொழிலின் நுழைவுப் பட்டமாக்கியது. 2000-ல் அந்நாட்டு பிசியோதெரபி சங்கம் இதை எல்லோருக்குமான இலக்காக அறிவித்தது. 2016 முதல் அங்கு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்லூரிகளும் தருவது இந்தப் பட்டம்தான். ஏற்கனவே தொழிலில் இருப்பவர்கள் வேலையை விடாமல் படிக்க 'இடைமாற்று' டி.பி.டி. என்ற வகையும் வந்தது. நம் ஊர் பட்டதாரிகள் சிலர் குறி வைப்பது இதைத்தான். ஆனால் இந்தப் பட்டம் மட்டுமே அங்கே வேலை செய்ய உரிமம் ஆகிவிடாது. அதற்கு உரிமத் தேர்வு தனி. கட்டணமும் டாலரில்.

இங்கேயோ சர்ச்சை வேறு இடத்தில் சுற்றுகிறது. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போடலாமா? 2025 ஏப்ரலில் வெளியான தேசியப் பாடத்திட்டம், பின்னால் 'பி.டி.' என்று சேர்த்துக்கொண்டு போடலாம் என்றது. செப்டம்பர் 9 அன்று மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்குநரகம், கூடாது என்று கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்று, மேலும் ஆராய வேண்டும் என்றது. மருத்துவர்கள் ஒரு பக்கம் கொதித்தார்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள் மறுபக்கம். இத்தனைக்கும் நடுவில் நோயாளி எங்கே?

அவர் சித்தூரில் ஒரு சிறு கிளினிக்கின் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். யாருடைய சீட்டும் கையில் இல்லை. முதுகு வலி என்று நேராக வந்துவிட்டார். 2021-ல் நிறைவேறிய துணை மருத்துவத் தொழில்கள் தொடர்பான தேசியச் சட்டமும், பிசியோதெரபிஸ்ட் தனித்துத் தொழில் செய்யலாம் என்றே சொல்கிறது. ஆக, நோயாளியை முதலில் பார்க்கும் பொறுப்பு ஏற்கனவே தலையில் ஏறிவிட்டது. அதற்கான பயிற்சி எவ்வளவு என்பதுதான் கேள்வி.

முதுகு வலி பெரும்பாலும் தசைப் பிடிப்புதான். ஆனால் இரவில் தூங்க விடாத வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் அது முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். மர்ம உறுப்பைச் சுற்றி மரத்துப்போய், சிறுநீர் கழிக்க முடியாமல் வந்தால் அது அவசர அறுவை சிகிச்சைக்கான விஷயம். ஒரு நாள் தாமதமும் ஆளை முடமாக்கலாம். நீண்ட பஸ் பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், ரத்தக்குழாயில் உறைந்த கட்டி இருக்கக்கூடும். படி ஏறிய களைப்பு என்று நினைத்து அழுத்தித் தேய்த்தால், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம்.

கிளினிக்கல் டாக்டர் பட்டத்தின் சாரம் இதுதான். இந்த நோயாளிக்கு நான் சிகிச்சை தரக்கூடாது, உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கிற திறமை. அமெரிக்கப் பாடத்தில் மருந்தியலும் ஸ்கேன் படங்களைப் புரிந்துகொள்வதும் நோய்களைப் பிரித்தறிவதும் இதற்காகவே இடம்பெறுகின்றன. டாக்டரின் சீட்டு இல்லாமல் நோயாளி நேரடியாக வர, ஏதோ ஒரு வடிவில் 50 மாநிலங்களும் வழிவிட்டதற்குப் பின்னால் இந்தப் படிப்பு இருக்கிறது.

அங்கேயும் முணுமுணுப்பு இல்லாமலில்லை. பட்டம் உயர்ந்த அளவுக்குச் சம்பளம் உயரவில்லை, கல்விக் கடன்தான் உயர்ந்தது என்கிறார்கள். அந்தக் கடனை இறக்குமதி செய்யத் தேவையில்லை. பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். திருப்பதியிலும் சித்தூரிலும் வேலூரிலும் பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. தொழிலில் இருப்பவர்களுக்கு வார இறுதி வகுப்பும் வார்டு பயிற்சியும் தர இவற்றால் முடியும். சித்தூர் பிசியோதெரபிஸ்ட் அதற்காக ஒமாஹா வரை போக வேண்டியதில்லை.

பெயர்ப் பலகையில் எத்தனை எழுத்து என்பதை டெல்லி ஆற அமர முடிவு செய்யட்டும். வீங்கிய கெண்டைக்காலுடன் பெஞ்சில் இருப்பவருக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.