ஜெபத்துக்கு ஒரு மூலை

ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையற்கட்டு. அதற்குள் நான்கு பேர். இதில் ஜெபத்துக்கென்று தனி அறைக்கு எங்கே போவது? பல கிறிஸ்தவக் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது.

ஜெபிக்கும்போது உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்படி இயேசு சொல்கிறார் (மத்தேயு 6:6). அங்கே கிரேக்க மூலத்தில் வரும் 'தமேயோன்' என்ற சொல்லுக்கு, சாமான்கள் வைக்கும் அறை என்றும் பொருள் உண்டு. தானியமும் எண்ணெயும் இருக்கிற அறைகூட ஜெபத்துக்குப் போதும் என்றால், நம் சமையற்கட்டு மூலை போதாதா?

ஆதிக் கிறிஸ்தவர்களுக்கு வீடுதான் ஆலயம். பிரிஸ்கில்லாள் - ஆக்கில்லா தம்பதியின் வீட்டில் கூடிய சபைக்கு பவுல் தன் கடிதத்தில் வாழ்த்துச் சொல்கிறார். சிரியாவின் துரா யூரோப்பஸ் நகரில், 3-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்படி ஒரு வீடு 1930-களில் நடந்த அகழாய்வில் கிடைத்தது. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டுக் கூடமாக்கியிருந்தார்கள். இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி. மற்றபடி, அது தெருவில் இருந்த ஒரு சாதாரண வீடுதான்.

சுவரே இல்லாமலும் இடம் உண்டாக்கலாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா, 19 பிள்ளைகளைப் பெற்றவர். வீட்டில் சத்தம் ஓயாது. அவர் தன் மேலங்கித் துணியைத் தலைமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால், 'அம்மா ஜெபத்தில் இருக்கிறார்' என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்களாம்.

நம் ஊரில் கத்தோலிக்க வீடுகளில் ஒரு சுவர்ப் பலகை இருக்கும். அதில் திருஇருதய ஆண்டவர் படம், மாதா சுரூபம், ஜெபமாலை, ஒரு மெழுகுவத்தி. மற்ற சபையினரின் வீடுகளில் வேதாகமம், பாட்டுப் புத்தகம், சுவரில் வசன காலண்டர். இரவில் பாயை விரித்தால் அதுதான் கோயில்.

உண்டாக்குவது ஒரு நாள் வேலை. காப்பாற்றுவதுதான் பாடு. முதலில் வண்டிச் சாவி அந்தப் பலகைக்கு வரும். அப்புறம் கரன்ட் பில், மாத்திரை அட்டை, சார்ஜர். ஆறு மாதத்தில் வேதாகமம் அடியில் போய்விடும். ஆகவே, அந்த இடத்தில் வேறு எதையும் வைப்பதில்லை என்று வீட்டில் எல்லாரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது. நேரமும் அப்படித்தான். என்றைக்காவது ஒரு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் பத்து நிமிடம் நிலைத்து நிற்கும். போன்கள் அந்தப் பத்து நிமிடம் அடுத்த அறையில் இருக்கட்டும். வசனத்தைத் தாளில் வாசித்தால் நடுவில் மெசேஜ் வராது. பாட்டைக் கடைக்குட்டி தேர்ந்தெடுக்கட்டும்.

சாவியையும் பில்லையும்விட அந்த இடத்தைச் சீக்கிரம் கெடுப்பது ஒன்று உண்டு. "ஆண்டவரே, இவனுக்கு நல்ல புத்தி கொடும். போனைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறான்" என்று பிள்ளை காதில் விழும்படி செய்கிற ஜெபம். கணவன் மனைவியை, மாமியார் மருமகளை இப்படிக் குத்துவதும் உண்டு. பேர்தான் ஜெபம், உள்ளே இருப்பது திட்டு. கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறவர் பதில் பேசவும் முடியாது. இரண்டு முறை அடிபட்ட பிள்ளை, மூன்றாம் நாள் "தலை வலிக்குது" என்று எழுந்து போய்விடும்.

அதில் இழப்பு பெரிது. பரீட்சையில் தோற்ற அன்று, வேலை போன அன்று, மருத்துவரின் ரிப்போர்ட் வந்த அன்று அந்தப் பிள்ளை வந்து உட்கார ஓர் இடம் வேண்டும். திட்டு வாங்கிய பாய்க்கு அது திரும்பி வருமா?

காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது இயேசுவின் போதனை (மத்தேயு 5:23-24). வீட்டு ஜெபத்துக்கும் அது பொருந்தும். பாயில் உட்காரும் முன் அப்பா மகனிடம், "காலையில் நான் கத்தியது தப்பு" என்று சொல்லிவிடலாம். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பிறகு பாட்டுப் புத்தகத்தை மகன் கையில் கொடுத்து ஆரம்பிக்கச் சொல்லலாம்.