எந்தச் சர்க்கரை என்று கேளுங்கள்

அக்டோபர் பிறந்து பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் தாளைக் கொளுத்தத் தொடங்கினால் தில்லிக்கு மூச்சு முட்டும். கூடவே, வைக்கோலில் எத்தனால் எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது என்ற பேச்சும் வந்துவிடும். எடுக்கலாம்தான். 2022 ஆகஸ்டில் பானிபட்டில் திறக்கப்பட்ட இந்தியன் ஆயில் ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்ற கணக்கில் கட்டப்பட்டது. டன்னுக்கு 150 லிட்டர் வருகிறது. கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திய எனக்கு இந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு கேள்விதான் எழும். இது செல்லுலோஸின் குளுக்கோஸை மட்டும் நம்பிப் போட்ட கணக்கா, ஹெமிசெல்லுலோஸில் கிடைக்கும் சைலோஸையும் சேர்த்ததா?

செல்லுலோஸைக் குளுக்கோஸாக உடைக்கும் நொதிக்கு ஒரு பூர்வகதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் இற்றுப்போயின. அவற்றைத் தின்ற, சாலமன் தீவுகளில் கிடைத்த ஒரு பூஞ்சையை எல்வின் ரீஸ், மேரி மாண்டல்ஸ் போன்றவர்கள் ராணுவ ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். இன்று ட்ரைகோடெர்மா ரீசி என்று ரீஸின் பெயரையே தாங்கி நிற்கும் அந்தப் பூஞ்சைதான் இந்த நொதித் தொழிலின் அடித்தளம். ஆனால் அது தின்றது பருத்தி. பருத்தி ஏறக்குறைய சுத்தமான செல்லுலோஸ்.

வைக்கோல் அப்படியல்ல. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஹெமிசெல்லுலோஸ், பெரும்பாலும் சைலோஸ் சங்கிலியான சைலான். அது செல்லுலோஸ் இழைகளின் மேல் படிந்து, லிக்னினோடும் பிணைந்து கிடக்கிறது. நொதியால் இழையைத் தொடவே முடிவதில்லை. சரி, நீர்த்த அமிலத்தில் சுடவைத்துச் சைலானைக் கரைத்துவிடலாம் என்றால், சூடு கூடினால் சைலோஸ் ஃபர்ஃபுராலாக மாறி, சர்க்கரையை எத்தனாலாக்கும் ஈஸ்ட்டை வாட்டும். சூடு குறைந்தாலோ சைலான் பாதி உடைந்து, சில சைலோஸ்கள் கோத்த சிறு துண்டுகளாக மிதக்கும். என் கணிப்பில் இதுதான் பெரிய தொல்லை. செல்லுலோஸ் இழையைப் பற்றிக்கொண்டு நகரும் முக்கிய நொதியில் ஒரு துளைவழி உண்டு. சாவித் துவாரத்தில் ஒடிந்து நின்ற குச்சி மாதிரி இந்தத் துண்டுகள் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். தனிச் சைலோஸ் செய்யும் தடையைவிட இந்தத் துண்டுகள் செய்யும் தடை அதிகம். அவற்றை முழுக்க உடைக்கும் சைலனேஸ், பீட்டா சைலோசிடேஸ் நொதிகளையும் சேர்த்தால் குளுக்கோஸ் விளைச்சல் ஏறுகிறது.

இத்தனை இருக்க, நொதியின் வீரியத்தை எதில் அளக்கிறார்கள்? 50 மில்லிகிராம் வாட்மேன் வடிதாள் துண்டில், 50 டிகிரி சூட்டில், ஒரு மணி நேரம். வடிதாளும் பருத்திதான்! அளந்தது பருத்தியில், வேலை வைக்கோலில்.

அடுத்த ஏமாற்று, சர்க்கரையை அளக்கும் டி.என்.எஸ். சோதனையில். மஞ்சள் கரைசலைக் கொதிநீரில் வைத்தால் சர்க்கரைக்கு ஏற்ப ஆரஞ்சாகி, செங்கல் நிறத்துக்கு இருளும். கரும்புச் சக்கையில் நொதி ஊற்றிய மாணவர்கள் நிறம் ஏறியதும் துள்ளுவார்கள். அந்தச் சோதனைக்குக் குளுக்கோஸும் சைலோஸும் ஒன்றுதான். வழக்கமான ஈஸ்ட்டுக்கு அப்படியில்லை. அது சைலோஸைத் தொடாது. மாணவர் செய்தால் திருத்திவிடலாம். திட்ட அறிக்கையிலும் 'மொத்தச் சர்க்கரை' என்று ஒரே எண்ணைப் போட்டு எத்தனால் கணக்குச் சொன்னால் யார் திருத்துவது?

வைக்கோல், சக்கை போன்றவற்றில் எத்தனால் எடுக்கும் துறைக்கு 2019இல் ஜீவன் திட்டத்தில் 1,969 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியது மத்திய அரசு. மக்கள் பணம். அதை வாங்கும் ஆலை, தான் கொள்முதல் செய்யும் வைக்கோலிலேயே நொதியைச் சோதித்து, குளுக்கோஸ் எவ்வளவு, சைலோஸ் எவ்வளவு, உடையாத துண்டு எவ்வளவு என்று தனித்தனியாக வெளியிட வேண்டும். சைலோஸை எங்கே கொண்டுபோகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அதை உண்ணும் மரபு மாற்றிய ஈஸ்ட்டுக்கா, சைலிட்டால் செய்யவா, கழிவுநீருக்கா? கழிவுநீருக்கு என்றால் விவசாயியிடம் விலை கொடுத்து வாங்கிய வைக்கோலில் ஐந்தில் ஒரு பங்கைச் சுத்திகரிக்க இன்னொரு செலவு.

இந்தக் கணக்கு வெளியே வரும்வரை, கரும்புச் சக்கையைப் பாய்லரில் போட்டு மின்சாரம் எடுக்கும் நம்மூர்ச் சர்க்கரை ஆலைகளையோ, அதில் காகிதம் செய்யும் கரூர் ஆலையையோ பழம்பஞ்சாங்கம் என்று நான் சொல்லமாட்டேன்.