குணாவும் காலமும்

காலத்தைக் கடந்து செல்ல வேண்டுமென்னும் ஆசை மனிதனுக்கு இயல்பானதே. 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016) ஆகிய தமிழ்ப் படங்களில் அதற்கெனப் பொறிகள் வந்தன. அவற்றை நாமும் கண்டு களித்தோம். ஆயினும் பொறி யாதுமின்றி, மனம் ஒன்றே காலத்தைக் கடக்கும் விந்தையைக் காட்டிய படம், 1991-ஆம் ஆண்டுத் தீபாவளியன்று வெளிவந்த 'குணா' என்பது நமது துணிபு. சந்தான பாரதி இயக்க, கமல்ஹாசன் நடித்த அப்படத்தின் முக்கிய பகுதி நம் பழனிமலைத் தொடரிலுள்ள கோடைக்கானலில் எடுக்கப்பட்டது.

குணா பித்தனென்று பிறரால் ஒதுக்கப்பட்டவன். இழிதொழில் நடக்கும் வீட்டில் வளர்ந்து, அவ்வாழ்வை வெறுத்து, அபிராமி என்பாள் தன்னை மணக்க வருவாளெனக் காத்திருக்கின்றான். பிறருக்கு நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கழிகின்றன. அவனுக்கோ வரப்போகும் பௌர்ணமி ஒன்றே நாள். இந்நிலை தமிழர்க்குப் புதிதன்று. திருக்கடவூர் அபிராமி பட்டர், அமாவாசையன்று திதி யாதென வினவிய அரசரிடம் பௌர்ணமி என்றார். அவரையும் உலகம் பித்தரென்றே எண்ணிற்று. அவர் கண்ட ஒளி பிறர் கண்ட வானத்தில் இல்லை. அக்கதையின் நிழல் இப்படத்தின்மேல் படிந்திருப்பதை அறிந்தோர் அறிவர்.

நிற்க. விருப்பமில்லாத பெண்ணைத் தூக்கிச் செல்வது காதலாகுமோ என்று சிலர் வினவுவர். ஆகாது, அதில் ஐயமில்லை. அவள் அஞ்சுவதையும் அழுவதையும் படம் மறைக்கவில்லை. நோயுற்ற மனத்திற்கு இரங்குவது வேறு, அதன் செயலுக்கு உடன்படுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பதே இப்படத்தால் நாம் பெறும் பெரும்பயன். 'பைத்தியம்' என்று ஒரு சொல்லில் ஒருவனைத் தள்ளிவிடும் நம் வழக்கம் நாணத்தக்கதென்பதையும் அது உணர்த்துகின்றது.

'கண்மணி அன்போடு' என்னும் பாட்டிலும் இவ்வுண்மையே விளங்குகின்றது. எழுத அறியாத அவன் சொல்ல, சிறைப்பட்ட அவள் எழுதுகின்றாள். இளையராஜாவின் இசையில் உருவான அப்பாட்டு, 33 ஆண்டுகள் கழித்து, 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளப் படத்தில் மீண்டும் ஒலித்தது. 2006-இல் அக்குகைப் பிளவில் வீழ்ந்த நண்பனை மற்றொருவன் இறங்கி மீட்ட மெய்ந்நிகழ்ச்சியே அப்படத்தின் பொருள். காதலனின் கடிதம் அங்கே நட்பின் குரலாயிற்று. காலத்தைக் கடந்தது அப்பாட்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

முன்னர் 'பேயின் அடுக்களை' என்ற பொருள்பட ஆங்கிலேயர் வழங்கிய அவ்விடம், இன்று குணா குகை எனப் பெயர் பெற்றுள்ளது. அதன் ஆழ்ந்த பிளவுகளுக்கு இரும்பு வேலியிட்டுள்ளனர். அங்குச் செல்லும் மாணாக்கர் பலர் அப்பாட்டை உரக்கப் பாடி, படமெடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அதனை நாம் குறை கூறோம். ஆனால் வேலியைத் தாண்டும் துணிவு வீரமன்று. சோலை மரங்களின் வேரில் தம் பெயர் செதுக்குவது அன்பும் அன்று. குணாவை மெய்யாக நேசிப்பவர், தம் தெருவில், தம் விடுதியில், ஏன், தம் இல்லத்திலேயே மனம் நொந்து தனித்திருப்பவரிடம் சென்று ஒரு நாழிகை அமர்ந்து, அவர் கூறுவதைச் செவிமடுப்பாராக. அதுவே அப்படத்திற்கு நாம் செய்யத்தக்க சிறந்த பாராட்டு.